தாமஸின் முறைக்கு ஓய்வு

குமார், நீ துரோகி.

வாசகர்களே, இந்த வாரம் என் பக்கத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. சுற்றி வளைக்கவும் எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

குமார், தாமஸ், நான் — மூவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரே பிரஸ் ஷாப், ஒரே ஷிஃப்ட். ஞாயிறானால் முகப்பேரில் குமார் வீட்டில் கூடுவோம். அவன் அண்ணன் கொடுத்த பழைய கம்ப்யூட்டர், ஃப்ளாப்பியில் ஒரு கேம். பழங்காலச் சீனாவில் ஆளுக்கொரு நாட்டைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்வது. நிலம் திருத்தலாம், படை திரட்டலாம், அடுத்தவன் தளபதிக்கு ரகசியக் கடிதம் எழுதி இழுக்கலாம். ஒருவன் முறை முடிந்தால்தான் அடுத்தவன் முறை. ஒருவன் ஆடும்போது மற்ற இருவரும் பால்கனிக்குப் போய்விட வேண்டும். ராணுவ ரகசியமாம்...

மூன்று மாதம் முன்பு தாமஸ் பிரஸ்ஸை நிறுத்தினான். விரல் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையைச் சூப்பர்வைசர் கழற்றி வைத்திருந்தார் — வேலை வேகமாக ஓட வேண்டுமாம். வலை இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்றான் தாமஸ். உற்பத்தியைக் கெடுத்தான் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கழற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் குமாரும் நானும் மட்டும்தான். என்கொயரியில் சொல்கிறோம் என்று அண்ணனூரில் அவன் வீட்டுக்கே போய் வாக்குக் கொடுத்தோம்.

அதன்பிறகு தாமஸ் ஞாயிறு வருவதில்லை. "மாமே, என் டர்னுக்கு ரெஸ்ட் போட்டுகினே இருங்க. நான் வர்ற வரைக்கும் எவனும் என் நாட்டுல கை வெக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

போட்டோம். வாராவாரம் அவன் முறை வரும். 'ஓய்வு' என்று அழுத்துவோம். அவன் எல்லைக்குள் ஒரு வீரன்கூட நுழையவில்லை.

என்கொயரிக்கு முந்தின ஞாயிறு. பால்கனியிலிருந்து உள்ளே வந்தால், குமாரின் படை தாமஸின் தலைநகரில் நிற்கிறது. தாமஸின் ராஜா பிடிபட்டுவிட்டான். சேர்த்துக்கொள்வதா, விடுவிப்பதா, தலையை வெட்டுவதா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

குமார் வெட்டினான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"கேம்தானே நைனா. எத்தினி நாளைக்கு ஆளில்லாத நாட்டைக் காவல் காத்துகினு கீறது?"

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. குமாரின் படை தாமஸ் நாட்டுப் பக்கம் போய்விட்டது, என் வடக்கு எல்லைக்கு இனித் தொல்லை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. என் முறையை ஆடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை என்கொயரி. பார்த்ததை நான் சொன்னேன். அடுத்து குமார். "வலை மாட்டித்தான் இருந்துச்சு சார்." தாமஸ் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைக் குமார் பார்க்கவில்லை.

என்னைப் பொய்யன் என்று எழுதிக்கொண்டார்கள். தாமஸை வேலையைவிட்டே நீக்கிவிட்டார்கள். முந்தாநாள் குமாருக்கு சூப்பர்வைசர் பதவி. அந்த வலையை இன்னும் யாரும் மாட்டவில்லை. வரும் திங்கட்கிழமை முதல் அந்த பிரஸ்ஸில் என் கை.

காட்டிக்கொடுப்பவன் முதலில் விளையாட்டில்தான் கையைப் பழக்கிக்கொள்கிறான். பக்கத்தில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டால் பழக்கம் சீக்கிரம் படிந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு இனி என்ன ஆகப்போகிறது?

குமார், 'விடுவிப்பது' என்றும் ஒரு வரி இருந்ததே. அதை ஏன் அழுத்தவில்லை? என்னிடம் தனியாக வந்து சொல்லாதே. இதே பக்கத்தில், உன் பெயரைப் போட்டுப் பதில் எழுது. தாமஸ் இந்தப் பத்திரிகையை வாங்குகிறான்.