டீசல் டேங்குக்குப் பூட்டு

முழங்கால் வலிக்காக ஒரு மாதம் லீவில் இருந்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிய காலை, என் மேசைக்கு முன்னால் சாரதி மகேந்திரன் நின்றுகொண்டிருந்தார்.

"சேர், நான் டீசல் களவெடுக்கல சேர்."

நான் இன்னும் கதிரையில்கூட உட்காரவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் பதில் சொல்கிறார் என்றால், அந்தக் கேள்வியை வேறு யாரோ ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கண்டியில் ஒரு திணைக்களம். பெயர் வேண்டாம், கண்டியில் திணைக்களங்களுக்குக் குறைவில்லை. அதன் போக்குவரத்துப் பிரிவில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வாகனம் சம்பந்தமான சுற்றறிக்கைகள் எல்லாம் எனக்குத் தலைகீழாகப் பாடம். அவற்றை வாசித்த இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. இப்போது அந்த மாதிரிப் பிரிவுகளில் சேரும் பிள்ளைகளுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன். பயன்படாவிட்டாலும் எனக்கு நட்டமில்லை, பென்சன் வருகிறது.

குற்றமும் குழுவும்

எங்களிடம் இரண்டு டபள் கெப் வண்டிகள் இருந்தன. ஒரே நாளில் வந்தவை, ஒரே நிறம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அவற்றில் ஒன்று மகேந்திரன் கையில். லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி, நான் லீவில் இருந்தபோது ஒன்பது சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. முந்திய காலமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் டீசலுக்காக நாட்கணக்கில் க்யூவில் நின்ற பிறகு, இந்த நாட்டில் எல்லோருமே லீற்றர் நிபுணர்கள்.

வண்டியின் ஓட்டம் குறைய நூறு காரணம் இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரே காரணம்தான், அதற்கு ஒரு சாரதி அனுமதிப் பத்திரமும் இருக்கும்.

மகேந்திரன் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பல வருடங்களாகத் தற்காலிகச் சாரதி. அவரை நிரந்தரமாக்கும் கடிதம் கொழும்பிலிருந்து வந்து, பணிப்பாளரின் கையெழுத்துக்காக அவர் மேசை லாச்சியில் கிடந்தது. ஆண்டு முடிவதற்குள் கையெழுத்து ஆகாவிட்டால் அந்த இடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். விசாரணை நடக்கும்போது கையெழுத்து வைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை மட்டும் எல்லோரும் வாசித்திருந்தார்கள்.

விசாரணைக்கு ஒரு குழு. தலைவர் கணக்காளர் ரிஸ்வி, என்னைப் போலவே அலவத்துகொடக்காரர். கூட நிர்வாக உத்தியோகத்தரும் களஞ்சியப் பொறுப்பாளரும். மூவரும் சேர்ந்து ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்ததாகக்கூட வரலாறு இல்லை.

ரிஸ்வி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஒங்களுக்குத் தெரியாதா? இது குழாய் போட்டு உறிஞ்சுற கேஸ். நாங்க டேங்குக்குப் பூட்டுப் போட்டாச்சு. சாவி எங்கிட்டதான் ஈக்கி."

"பூட்டுப் போட்ட பொறகு ஓட்டம் கூடிச்சா?"

"அதுதான் நானா, கூடல்ல."

"அப்ப?"

"அப்ப எனத்த? அவன் பெரிய ஆள்."

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் சந்தேகத்தைக் கைவிட்டிருப்பார்கள். பூட்டியும் குறைகிறது என்றால், பூட்டு வேறு எதையோ காவல் காக்கிறது. குழு இதையே மகேந்திரனின் திறமைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது. பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுபவர். நான் போய்க் கேட்டபோது அவரும் அதையே நிதானமாகச் சொன்னார்.

"பூட்டின டேங்கில இருந்து எடுக்கிறான் எண்டால், பூட்டாத காலத்தில எவ்வளவு எடுத்திருப்பான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு கற்பனை வளம் போதவில்லை.

இதற்கிடையே ரிஸ்வி ஒரு நாள் சாவியோடு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி பெற்றோல் செட்டில் பம்புக்கு முன்னால் அரை நாள் நின்றது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் மகேந்திரனின் பரம்பரையையே விசாரித்திருக்கிறார்கள். அதுவும் அவருடைய தவறாகவே குறிக்கப்பட்டது.

பார்க்க வேண்டியவை

ஓட்டம் குறைந்த வண்டி வந்தால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. நான் அதன்படி போனேன்.

முதலில் ஏர் ஃபில்டர். கையால் தட்டினேன், தூசு விழவில்லை. டீசல் லைனில் கசிவு இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தோம், சீராகத் தூவியது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்க, கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு சுற்று போய்வந்து நான்கு சக்கரத்திலும் கை வைத்தேன். எதிலும் சூடு மிஞ்சவில்லை. கிளட்ச் வழுக்கவில்லை. எஞ்சின் உரிய நேரத்தில் சூடேறியது, ஆகவே தெர்மோஸ்டாட்டிலும் குறை இல்லை. டயரில் காற்றுச் சரி. காற்றைத்தான் பார்த்தேன், டயரைப் பார்க்கவில்லை. அது பிறகு வருகிறது.

மகேந்திரன் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொன்றும் சரி என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றால் குறை யாரிடம் என்று அவருக்குத் தெரியும்.

"ஏதாச்சும் ஒண்ணு பழுதா இருக்கக் கூடாதா சேர்?" என்றார்.

"வேணுமின்னா நான் ஒண்ண உடைச்சுத் தாரேன்."

"சிரிக்கிற நெலமையிலயா சேர் நான் இருக்கேன்? டிசம்பர் பாதி போயிருச்சு. ஊர்ல, டீசல் கேஸ் என்னாச்சுன்னு கடக்காரன் கேக்குறான். எங்க வீட்டுக்கு முந்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

முழங்காலின் சாட்சி

என் முழங்கால் அப்போது நன்றாகத் தேறியிருந்தது. டொக்டரே ஆச்சரியப்பட்டார். ஆனால் மகேந்திரனின் வண்டியில் ஏறும்போது மட்டும் கால் எழும்பவில்லை. கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கி, ஒரு 'யா அல்லாஹ்' போட்டுத்தான் ஏறினேன். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டைத் தாண்டியவனுக்கு எல்லாவற்றுக்கும் அந்த விளக்கம் போதும், அலுவலகத்துக்குச் சாரதி போதுவது போல.

ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைக்கு மற்ற டபள் கெப்பில் போகவேண்டி வந்தது. சாதாரணமாகக் காலைத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. அல்லாஹ்வைக் கூப்பிடாமல் எப்படி ஏறினேன்?

இறங்கினேன். மறுபடி ஏறினேன். சாரதி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று நான் லீவில் இருந்தபோது வளர்ந்திருந்தது.

குனிந்து டயரில் இருந்த இலக்கத்தை வாசித்தேன். மகேந்திரனின் வண்டியில் இருந்தது வேறு அளவு, பெரியது.

களஞ்சியப் பொறுப்பாளரிடம் போனேன்.

"நாலு டயரும் எப்ப மாத்தினது?"

"நீங்க லீவுல இருக்கக்குள்ள. இறக்குமதிக் கட்டுப்பாடு தெரியும்தானே சேர்? பழைய சைஸ் கண்டி முழுக்கத் தேடியும் இல்ல. கடைக்காரர் இத தந்தார். ரிம்முக்கு அச்சாப் பொருந்திச்சு."

"வாங்கினது யார்?"

"டயர் கொள்வனவுக் குழு," என்றார் பெருமையாக. "ரிஸ்வி சேர், நிர்வாக உத்தியோகத்தர், நான்."

விசாரணைக் குழுவின் அதே மூவர், அதே வரிசையில். அழகான காட்சி அது.

இந்த இடத்தில் இளையவர்கள் கவனிக்க வேண்டும். மீட்டருக்குப் பாதை தெரியாது. சக்கரம் எத்தனை தரம் சுற்றியது என்பதுதான் அதற்குத் தெரியும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஆகவே குறைந்த சுற்றில் ஊர் வந்துவிடும். வண்டி உண்மையில் ஓடிய தூரம் அதிகம், மீட்டர் காட்டும் தூரம் குறைவு. அந்தக் குறைந்த தூரத்தைப் போட்ட டீசலால் வகுத்தால் ஓட்டம் குறைந்த மாதிரித்தான் வரும். பெரிய டயரின் பாரத்துக்கும் கொஞ்சம் டீசல் போகத்தான் செய்யும். அதை நான் குழுவிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மூன்று கூட்டம் வைப்பார்கள்.

புசல்லாவைப் பாதையில்

சாட்சி வேண்டுமே. களஞ்சியப் பொறுப்பாளரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, பேராதனையிலிருந்து கம்பளைப் பக்கமாகப் போனோம். அந்தப் பாதையில் கிலோமீற்றர் கல் ஒழுங்காக இருக்கிறது. ஐந்தாவது கல்லில் மீட்டரைப் பூச்சியத்தில் வைத்தோம். மகேந்திரன் ஓட்டினார். பரீட்சை எழுதும் பிள்ளைகூட அப்படி இறுக்கமாக உட்காராது. கம்பளை கடந்து தேயிலை தொடங்கி, முப்பதாவது கல்லில் நிறுத்தினோம்.

"மீட்டர் என்ன காட்டுது?"

"இருவத்தி மூணு சேர்."

"கல்லுப்படி?"

மகேந்திரன் விரலை மடக்கினார். "இருவத்தஞ்சு."

களஞ்சியப் பொறுப்பாளர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "கல்லு பிழையா நட்டிருப்பானுகள்."

"எல்லாக் கல்லுமா?"

"கொந்தராத்துக்காரன நம்ப ஏலாது சேர்."

மகேந்திரன் திரும்பினார். அந்த மாதம் முழுவதும் அடக்கிவைத்தது ஒன்றாக வந்தது.

"அப்ப அந்த ரெண்டு கிலோமீற்றர நான்தான் வித்துப்புட்டேனா? புசல்லாவ டவுன்ல கிலோமீற்றர் யாருங்க வாங்குறா? சொல்லுங்க, இங்கதான் கிட்ட, போய்க் காசு வாங்கிட்டு வந்துருவோம்!"

அடுத்த நாள் மற்ற வண்டியில் அதே கற்களுக்கிடையில் ஓடினோம். மீட்டர் இருபத்தைந்து காட்டியது. கொந்தராத்துக்காரர் ஒரே நாளில் கல்லையெல்லாம் திருத்தி நட்டுவிட்டார் போலும்.

தீர்ப்பு

பணிப்பாளரின் அறையில் கூட்டம். நான் சுருக்கமாகச் சொன்னேன்.

"டீசல் குறையல்ல சேர். கிலோமீற்றர்தான் குறைஞ்சிருக்கு."

"கிலோமீற்றரை ஆர் எடுத்தது?"

"டயர்."

"டயரை ஆர் எடுத்தது?"

குழுவின் மூன்று உறுப்பினர்களும் மேசையில் இருந்த பிஸ்கட்டை ஆராய்ந்தார்கள்.

பணிப்பாளர் கெட்டிக்காரர். சாரதி களவெடுத்தான் என்று எழுதினால் ஒரு சாரதி போவான். பிழையான டயர் வாங்கினோம் என்று எழுதினால் கணக்காய்வு வரும். இரண்டுமில்லாமல் 'தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"அப்படியே எழுதுங்க சேர். கடிதத்திலயும் இண்டைக்கே கையெழுத்து வைச்சா, நானும் டயரைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வராது," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்தார். மகேந்திரன் நிரந்தரமானார், ஆண்டு முடிய ஒரு கிழமை இருக்கும்போது.

டயரை மாற்றினால் காரணம் எழுத வேண்டுமே. ஆகவே டயர் இருந்தபடியே இருந்தது. அந்த வண்டியின் மீட்டர் காட்டும் ஒவ்வொரு நூறு கிலோமீற்றருக்கும் ஒன்பதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஓர் உள்ளகச் சுற்றறிக்கை வந்தது. கணக்குச் சரி. நானே போட்டுக் கொடுத்தது.

பரிசு

நான் ஓய்வு பெற்றேன். பிறகு டயர் தேய்ந்தது. அதற்குள் சரியான அளவு கடைக்கு வந்துவிட்டதால் அதையே போட்டார்கள். சுற்றறிக்கையை யாரும் ரத்துச் செய்யவில்லை. சரியாகக் காட்டுகிற மீட்டருக்கு மேல் இன்னும் நூற்றுக்கு ஒன்பதைக் கூட்டிக்கொண்டே இருந்தார்கள். கண்டி மாவட்டத்திலேயே சிக்கனமான டபள் கெப் எங்களுடையதாகிவிட்டது.

சென்ற மாதம் மகேந்திரன் போன் எடுத்தார்.

"சேர், எனக்குச் சான்றிதழ் குடுக்கப் போறாங்களாம். எரிபொருள் சிக்கனத்துக்கு. கூட்டம் வச்சு, மால போட்டு."

"நீங்க சிக்கனமா ஓடினீங்களா?"

"எப்பவும் மாதிரித்தான் சேர் ஓடுறேன். அந்த ஒம்பதுதான் சேர் வேலய காட்டுது. வாங்கவா, சொல்லிரவா?"

"போய்ச் சொல்லுங்க. நாளைக்கு வேறு குழு வந்து கணக்குப் பார்த்தா, கிலோமீற்றர் கூட்டி எழுதினீங்கன்னு உங்களைத்தான் பிடிப்பாங்க."

சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன்.

"ரிஸ்வி சேர்கிட்ட சொன்னேன் சேர். 'மகேந்திரன், நீங்க எதுக்கெடுத்தாலும் மறுப்புத்தான் செல்றீங்க, அண்டைக்கும் இப்பிடித்தான் நான் செய்யல்ல செய்யல்லன்னீங்க'ன்னு சொல்லுறாரு. பணிப்பாளர் தன்னடக்கம்னு மைக்லயே சொல்லிப்புட்டாரு. எல்லாரும் கை தட்டிட்டாங்க."

நான் இந்தத் தொழிலில் கற்றது இவ்வளவுதான். ஓட்டம் குறைந்தாலும் கூடினாலும், முதலில் எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு வண்டியைப் பாருங்கள். மனிதனைக் கடைசியில் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வரிசை நேர்மாறு. அதனால்தான் களவெடுக்காதவனுக்குப் பூட்டும், மிச்சம் பிடிக்காதவனுக்கு மாலையும் விழுந்தது.

"சான்றிதழ வீட்டுல மாட்டிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர், வண்டியிலயே வச்சிருக்கேன்," என்றார் மகேந்திரன். "அடுத்த தடவ டயர் மாத்துறப்ப தேவப்படும்."