தங்கபாண்டி கட்டிய ஒத்தச் சக்கர சைக்கிள்

தேனி கடைவீதியில் தங்கபாண்டியின் சைக்கிள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேலை தெரிந்தவனைத் தேடி ஆள் வரும், தெரியாதவன்தான் போர்டு எழுதி மாட்டுவான் என்பது அவர் கட்சி. பெருமைதான், என்ன செய்வது? சரக்கு இருக்கிற ஆள் பெருமை பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிறந்தது பழனிசெட்டிபட்டியில், சம்சாரி வீட்டில். மகன் ஏர் பிடிப்பான் என்று அப்பா காத்திருக்க, மகன் மதுரைக்கு ஓடிப்போய் ஒரு சைக்கிள் கடையில் ஆறு வருசம் கிரீஸில் புரண்டுவிட்டு, ஒரு மரப்பெட்டி நிறைய சாமான்களோடு திரும்பி வந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கேட்டு வருகிறவரைச் சாக்கு விரித்து மல்லாக்கப் படுக்கச் சொல்வார். சணல் கயிற்றை வைத்துத் தொடைக்கு ஒரு முடிச்சு, கெண்டைக்காலுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒன்று என்று அளந்துகொண்டு, அதற்கப்புறம்தான் வண்டியில் கை வைப்பார். பட்டுக்கரை வேட்டி கட்டிய பருத்தி வியாபாரிகள்கூட அந்தச் சாக்கில் படுத்து எழுந்திருக்கிறார்கள். ஒரு கை விளங்காத உப்பு வியாபாரிக்கு இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். முடியாது என்ற வார்த்தையை இந்த மனுசனுக்கு எங்க மாமியார் சொல்லிக்கொடுக்க மறந்துபோனார் என்று அவர் சம்சாரம் பஞ்சம்மாள் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லுவாள்.

முப்பத்தாறாம் வருசம் சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவை ஒட்டி மலையாளத்து சர்க்கஸ் ஒன்று தேனி சந்தைத் திடலில் கூடாரம் போட்டது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண்பிள்ளை வலது காலை இழுத்து இழுத்து வந்து கடை வாசலில் நின்றாள். வயது முப்பத்தைந்து இருக்கும். தோளில் ஒற்றைச் சக்கரம் ஒன்று தொங்கியது. சக்கரத்துக்கு மேலே ஒரு சீட்டு, அச்சிலேயே இரண்டு பெடல், வேறு ஒன்றும் இல்லை. சர்க்கஸ் நோட்டீஸில் அவள் பெயர் சொர்ணலதா. பெற்றவர்கள் வைத்த பெயர் மூக்கம்மாள், ஊர் சுருளிப்பட்டி.

பதினாறு வயதில் நாற்பது வயசுத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்களாம். கம்பத்தில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸோடு போய்விட்டாள். இரண்டு அண்ணன்மார். திரும்பி வந்தால் மாட்டுத்தொழுவத்தில்தான் சோறு என்று அன்றைக்கே ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருசம் ஒற்றைச் சக்கரத்தில் ஊர் ஊராகப் பிழைத்தவள், போன வருசம் கொல்லத்தில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, மூட்டு கூடவில்லை. பாதிக்கு மேல் மடங்காது, மடங்கினால் உயிர் போகும். முதலாளி ஒரு கெடு வைத்துவிட்டார். திருவிழாக் கடைசி நாள் ஆட்டத்தில் மூன்று சுற்று ஓட்டினால் வண்டியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் இங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டியது.

"பக்கத்துலதான ஊரு, கொண்டுபோயி விட்டுர்றேங்கிறாரு" என்றாள். "என்னமோ தர்மம் பண்றாப்புல. அந்தத் தொழுவத்துக்கு நான் போகமாட்டேன்ணே. அதுக்கு முல்லையாத்துல எறங்கிருவேன்."

தங்கபாண்டி சாக்கை விரித்தார். பஞ்சம்மாள் வந்து அளந்தாள். தங்கபாண்டி திரும்பி நின்றுகொண்டு முடிச்சுக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டார். அப்புறம் கூடாரத்துக்குப் போய், பழைய சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே வளையத்தை ஒரு சுற்று வந்தார். இருபத்தாறு உருட்டு. அதாவது சுற்றுக்கு இருபத்தாறு தடவை அந்த மூட்டு மடங்க வேண்டும்.

"சக்கரம் எத்தன தரம் வேணும்னாலும் சுத்தட்டும் தங்கச்சி. ஒன் காலு எதுக்குச் சுத்தணும்?" என்றார்.

விசயம் இதுதான். பெடலை அச்சிலிருந்து கழற்றி மேலே, சீட்டுக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். மேலே இருபத்தேழு பல், கீழே சக்கரத்தில் பதினெட்டுப் பல், நடுவில் செயின். கால் இரண்டு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். இருபத்தாறு மடக்கு பதினேழாகக் குறையும். அந்த அளவில் பல்சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மரஅறுப்பு வாடியில் உடைந்துபோன ரம்பத் தகட்டை வாங்கிவந்து, உலையில் போட்டு இளக்கி, இருபத்தேழு பல்லையும் அரத்தாலேயே அறுத்தெடுத்தார். இரண்டு நாள் சோறு தண்ணி மறந்த வேலை. சர்க்கஸில் கிடந்த இரண்டு பழைய சைக்கிளின் முன்சக்கரம் பிடிக்கிற போர்க்குகளை ஒட்டி ஆள் உயரத்துக்குச் சட்டம் எழுப்பினார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? சறுக்கியது. சைக்கிள் கடைக்காரனுக்குப் பிரீவீல் என்றால் மரியாதை. காலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், எவ்வளவு சுகம்! பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருந்த சீமைப் பிரீவீல் ஒன்றை, பெண்பிள்ளை சிரமப்படக் கூடாதே என்று ஆசை ஆசையாக எடுத்து மாட்டினார். ஏணி வைத்து ஏறி உட்கார்ந்த மூக்கம்மாள் இரண்டு முழம் போனாள். நிதானத்துக்காகக் காலைப் பின்னுக்கு அழுத்தினாள். பெடல் டிக்டிக் என்று வெறுமனே பின்னால் ஓடியது, சக்கரம் முன்னால் ஓடியது, அவள் மண்ணில் கிடந்தாள். நல்ல வேளை, கையை ஊன்றிவிட்டாள். முட்டியில் படவில்லை.

அன்றைக்குத் தங்கபாண்டி சாப்பிடவில்லை. அரிசி மூட்டை மாதிரி இருக்கிற மனுசன், தானே அந்த வண்டியில் ஏறி, கூரை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். பஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு விளங்கிவிட்டது. ரெட்டைச் சக்கரம் முன்னுக்கும் பின்னுக்கும் சாயாது. ஒத்தச் சக்கரத்துக்கு ஓட்டுகிறவள் கால்தான் பிரேக்கு, கால்தான் ஹாண்டில் பார். கால் சொல்வதைச் சக்கரம் முன்னுக்கும் கேட்க வேண்டும், பின்னுக்கும் கேட்க வேண்டும். பிரீவீலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல்சக்கரத்தை நேராகச் சக்கரத்து நடு ஹப்பிலேயே மாட்டினார். திருகு மரையை நம்பி விட்டால் பின்னுக்கு அழுத்துகிறபோது கழன்றுகொள்ளும். அதில் அவர் ஏமாறவில்லை. பித்தளையை உருக்கிவிட்டு ஹப்போடு ஒன்றாகப் பற்றவைத்துவிட்டார். இனி சம்மட்டி போட்டாலும் பிரியாது.

அதற்கப்புறம் செய்ததுதான் அவர் கைவேலை. பெடலைத் தாங்குகிற வலது பக்கக் கிராங்குத் தண்டைப் பாதியாக வெட்டிப் புது மரை போட்டார். இடது கிராங்கு முழு நீளம். நல்ல கால் பெரிய வட்டம் போட்டு வண்டியைத் தள்ளும், நோய்க்கால் சின்ன வட்டத்தில் மடங்கியும் மடங்காமலும் கூடவே வரும். சீட்டையும் இடது பக்கம் ஒரு விரல்கடை சாய்த்து வைத்தார். பார்த்தால் கோணல்மாணலாக இருந்தது. மூக்கம்மாள் ஏறினாள், மூங்கிலை விட்டாள், தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். வலியில் அழவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசி நாள் மத்தியானம் வண்டியைக் கூடாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதலாளி கண் அகலப் பார்த்தார். இப்படி ஒரு ஐட்டம் எந்த சர்க்கஸிலும் இல்லை. உடனே தமுக்கு அடித்து ஊரெல்லாம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கம்பியில் தொங்கி பார் விளையாடுகிற முத்துவீரனைக் கூப்பிட்டார். இருபது வயசு, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. இரும்பெல்லாம் சர்க்கஸோடது, ஆகவே வண்டியும் சர்க்கஸோடது, ராத்திரி முத்துவீரன் ஓட்டட்டும், நொண்டிக்காலை வைத்துக்கொண்டு அவள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். மூக்கம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கபாண்டி கோபப்படவே இல்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஏத்திப் பாருங்க" என்றார்.

முத்துவீரன் ஏறினான், விழுந்தான். மறுபடியும் ஏறினான். அவனுக்கு இரண்டு காலும் நல்ல கால். இரண்டு காலும் ஒரே மாதிரி மிதித்தன. இடது பக்கம் நீளமாக இறங்கியது, வலது பக்கம் தொட்டவுடன் முடிந்துபோனது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. மூன்றாவது தடவை விழுந்தவன், வண்டி கோணலாக இருக்கிறது என்றான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று எவனோ சிரித்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மேடை நிஜமாகவே கோணல்தான்.

கிராங்கைச் சமமாக்கு என்று முதலாளி குதித்தார். தங்கபாண்டி பொறுமையாகச் சொன்னார்: கிராங்கை மாற்றினால் சீட்டு மாற வேண்டும், சீட்டு மாறினால் சட்டம் மாற வேண்டும், நாலு நாள் ஆகும். ஆட்டத்துக்கு இருப்பது அஞ்சு மணி நேரம். வெளியே தமுக்குச் சத்தம் பழனிசெட்டிபட்டியைத் தாண்டிக் கேட்டது.

"இது சர்க்கஸ் வண்டின்னு நெனச்சா ஏமாந்துருவீக மொதலாளி" என்றார். "இது அவுக காலு. அதக் கழட்டி இன்னொருத்தனுக்கு மாட்ட முடியாது."

அன்றைக்கு இரவு காஸ் லைட் வெளிச்சத்தில் மூக்கம்மாள் மூன்று சுற்று அல்ல, ஏழு சுற்று வந்தாள். சனம் எழுந்து நின்று கத்தியது. பஞ்சம்மாளும் கத்தினாள், அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டம் முடிந்து முதலாளி தானே வந்து, அடுத்த முகாம் கம்பத்தில், செயின் கியின் தளர்ந்தால் பார்த்துக்கொள்ள இரண்டு நாள் கூட வர முடியுமா என்று தங்கபாண்டியைக் கேட்டார். கேட்ட குரலில் பழைய அதட்டல் இல்லை.

கம்பத்தில் கூடாரம் போட்ட மறுநாள், சுற்றுப்பட்டி ஊர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கக் கொட்டு மேளத்தோடு கிளம்பினார்கள். ஊர் எல்லை வரைக்கும் மாட்டுவண்டி, ஊருக்குள் முன்னால் மூக்கம்மாள், ஆள் உயரத்தில், சரிகைப் பாவாடை மினுங்க. பக்கத்திலேயே தங்கபாண்டி சாவி ஸ்பானரோடு நடந்தார். சுருளிப்பட்டிக்குள் நுழைந்தபோது ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. நடுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் நரைத்த மீசையோடு இரண்டு ஆட்கள் நின்றார்கள். மூக்கம்மாளின் அண்ணன்மார், மூத்தவர் பெயர் மொக்கைச்சாமி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மூக்கம்மாள் கையை உயர்த்த, மேளம் நின்றது. அவள் அவர்கள் முன்னால் காலை முன்னும் பின்னும் அசைத்து அந்த ஒற்றைச் சக்கரத்தின் மேலேயே நின்றாள்.

மொக்கைச்சாமி அண்ணாந்து பார்த்தார். வாசலை விட்டுத் தெருவில் இறங்கி வந்தார்.

"எறங்கி வா ஆத்தா. வீட்டுக்குள்ள வா" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"வாரேண்ணே. கம்பத்துல இன்னும் பத்து நாளு ஆட்டம் இருக்கு. முடிச்சுட்டு, விருந்தாடியா வாரேன்."

மேளக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள். மேளம் எழும்பியது. நல்ல காலை அழுத்தி, அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.