டிராயிங்கில் இல்லாத இரத்தக்குழாய்

ஒரகடம் தாண்டியதும் ஒரு வேகத்தடை வரும். பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்கு அதுதான் அலாரம் என்று எங்கள் கம்பெனியில் சொல்வார்கள். அன்றைக்கு நான் தூங்கவில்லை. டிரைவர் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு மூன்றாவது தடவையும் போடப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையில் நல்ல இடம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். பஸ் குதித்தது. நான் பை வைக்கிற கம்பியில் போய் நங்கென்று முட்டிக்கொண்டேன். அந்தச் சாம்பார் கடைசியில் என்ன ஆனது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

எங்கள் கம்பெனியில் கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகத் தயார் செய்கிறோம். பெரிய பலகையில் டிராயிங் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே வயரை ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் போட்டு அனுப்புவார்கள். கடைசியாக அது என் டெஸ்ட் போர்டுக்கு வரும். சொருகினால் எல்லா விளக்கும் பச்சையாக எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும், ஒரே ஒரு வயர் டிராயிங்கில் இல்லாத வழியில் போயிருந்தாலும், சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைத்துவிடுவேன். பிறகு அந்த வயரை அறுத்தெடுத்துவிட்டுப் புதிது போடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

தலையில் அடி என்றால் ஸ்கேன் பார்க்காமல் லைனுக்குள் விட மாட்டார்கள். எடுத்தார்கள். பிறகு ஊசியில் மருந்து ஏற்றி, டமடமவென்று சத்தம் போடுகிற இன்னொரு மிஷினிலும் படுக்க வைத்து எடுத்தார்கள். அடியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூளையில் ஓர் இடத்தில் இரத்தக்குழாய்கள் வழக்கத்துக்கு மாறாக அமைந்திருக்கின்றன, மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கவும் என்று ரிப்போர்ட் வந்தது. அந்த டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

ரிப்போர்ட்டைச் சூப்பர்வைசர் சாரிடம் காட்டினேன். வாய் திறந்தாலே கத்துகிற மனிதர், குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார். “வேலைக்கு ஃபிட்டுன்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கினு வந்துடுங்கம்மா. அதுவரைக்கும் உக்காந்து லேபிள் ஒட்டுங்க. லெட்டர் வரலேன்னா கான்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுடுவாரு. என் கையில ஒண்ணும் இல்ல.”

மண்டைக்குள் குழாய் வெடித்துவிடுமோ என்பது ஒரு பயம். டெஸ்ட் போர்டு கைவிட்டுப் போய்விடுமோ என்பது இன்னொரு பயம். நியாயப்படி முதல் பயம்தான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ, லேபிள் டேபிளில் உட்கார்ந்து என் போர்டில் வேறொருத்தி வயர் சொருகுவதைப் பார்த்தபோதுதான் லேபிளை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு பென்னலூரில். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இன்னா போட்டுக்கீது இதுல?”

“மூளையில ரத்தக் கொழா மாறிக்கீதாம்யா.”

“மூளையிலியா?” கொஞ்சம் யோசித்தார். “வேற யாரு ரிப்போர்ட்டாச்சும் மாத்திக் குடுத்துட்டாங்களா பாரு.”

அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த பழைய ஹெல்மெட்டை எடுத்து வந்து என் தலையில் கவிழ்த்தார்.

“இனிமே வூட்ல இத்தப் போட்டுக்கினுதான் வேல செய்யணும். குனியாத. தும்மாத. கோவப்படாத.”

“கோவப்படாம உன்கூட எப்டியா குடும்பம் பண்றது?”

“பத்து நாளு சமாளி.”

போட்டுக்கொண்டேன். வாசலில் பாத்திரம் தேய்க்கும்போது எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, “எங்கடி கெளம்பிட்ட?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். “அடப் போடி, ஒரு கொழா எக்ஸ்ட்ரா இருந்தா நல்லதுதான. தண்ணி நிக்காம வரும்” என்று தைரியம் சொன்னாள். தண்ணி கேன் போடுகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: “எங்க மாமாவுக்கும் அப்படியே இதேதாம்மா. ஆனா அவருக்கு முட்டியில.” இந்த ஆறுதல்களுக்காகவே இன்னொரு தடவை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

கம்பெனியில் நடந்தது இன்னும் மோசம். எங்கள் லைன் லீடர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள். எந்தக் குறை வந்தாலும் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு ஒரு தாளில் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் சட்டம். டீ நேரத்தில் அவள் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

“யக்கா, ஒங்க மண்டைக்கும் ஒரு ஷீட்டு போட்டிருவோம். ஏன் அடிபட்டுச்சு?”

“பஸ் குதிச்சிச்சு.”

“பஸ்ஸு ஏன் குதிச்சிச்சு?”

“டிரைவர் அண்ணன் ஸ்பீடு பிரேக்கரப் பாக்கல.”

“அவரு ஏன் பாக்கல?”

நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். பக்கத்தில் பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்: “அக்கா பேசிக்கினு இருந்திச்சு.”

“அக்கா ஏன் பேசிக்கிட்டு இருந்திய?”

ஐந்தாவது ‘ஏன்’ தேவைப்படவில்லை. அவளே எழுதினாள்: மூல காரணம், ஓயாத பேச்சு. தீர்வு என்ற கட்டத்தில் பேனாவைக் கடித்தபடி யோசித்து, டிராயிங்கில் இல்லாத குழாயை நீக்கிவிட்டுப் புதுக்குழாய் போடவும் என்று எழுதினாள். கீழே நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. தப்பான வயர் என்றால் அறுத்து எடுப்பதுதானே முறை? எடுத்துவிட்டால் குறை இல்லை, குறை இல்லையென்றால் லெட்டர் வந்துவிடும். இரண்டு நைட்டி, ஒரு பிளாஸ்க், தட்டு, டம்ளர் எல்லாம் பையில் அடுக்கிக்கொண்டு ஆபரேஷனுக்குத் தயாராகத்தான் பத்தாம் நாள் வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அறுத்து எடுத்துடுங்க டாக்டர். நாங்க ரெடியாத்தான் வந்துக்கிறோம்.”

“எதை?”

“டிராயிங்ல இல்லாத அந்தக் கொழாவ.” ஷீட்டை நீட்டினேன்.

அவர் முதல் வரியிலிருந்து கையெழுத்துகள் வரை பொறுமையாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மூல காரணம்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அதுக்கு எங்ககிட்ட வைத்தியம் கிடையாதும்மா.”

“எங்கியுமே கெடையாது டாக்டர்” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சின்னச் சின்னக் கோடுகள் குடைக் கம்பிகள்போல வந்து ஒரே தண்டில் சேர்ந்தன.

“இது நீங்க பொறக்கும்போதே இப்படி அமைஞ்சது. வழிதான் வேற, வேலை சரியா நடக்குது. மூளையில இந்தப் பக்கத்து ரத்தம் வெளிய போறதுக்கு இருக்கற வழியே இதுதான். இதை அறுத்தா ரத்தம் தேங்கி, நல்லா இருக்கற மூளை கெட்டுப் போயிடும்.”

மடியிலிருந்த பையைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை வயரை நீக்கச் சொல்லி அட்டை கட்டியிருப்பேன்.

“வெடிக்காதா டாக்டர்?”

“தமனியும் சிரையும் நேரடியாப் பின்னிக்கற வேற வகை ஒண்ணு இருக்கு. அதுல அழுத்தம் ஜாஸ்தி, ரத்தம் கசியலாம். அதுக்கு இடம், அளவு, முன்னாடி கசிஞ்சிருக்கா, எல்லாம் பாத்துத்தான் ஆபரேஷனா, கதிர்வீச்சா, குழாய் விட்டு அடைக்கறதா, சும்மா கண்காணிக்கறதான்னு முடிவு பண்ணுவோம். உங்களோடது அது இல்ல. இதுல கசியறது ரொம்ப அபூர்வம். சிலபேருக்கு இது பக்கத்துலயே ரத்தக்குழாய் முடிச்சு ஒண்ணு இருக்கும், அதைக் கவனிக்கணும். உங்க படத்துல அதுவும் இல்ல. இப்படிக் குழாய் இருக்கறவங்க நிறையப் பேரு, அது இருக்கறதே தெரியாம நல்லா வாழ்ந்துட்டுப் போயிடறாங்க. உங்களுக்கு மருந்தும் வேணாம், ஆபரேஷனும் வேணாம்.”

“குனியலாமா?”

“குனியலாம்.”

“தும்மலாமா?”

“தாராளமா.”

பத்து நாளாக அடக்கி வைத்திருந்தேனே, அங்கேயே மூன்று போட்டேன்.

டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: “என்னைக்கும் இல்லாத பயங்கரமான தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழறது, பேச்சு குழறறது, இந்த மாதிரி திடீர்னு வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. இது எல்லாருக்குமே சொல்றதுதான்.”

“பேச்சு நின்னுபோச்சுன்னா?”

“உடனே கூட்டிட்டு வரணும்.”

“உடனேவா, ஒரு பத்து நிமிசம் பாத்துட்டா?”

“உடனே” என்றார் டாக்டர், சிரிக்காமல். வீட்டுக்காரர் தலையாட்டினார். லெட்டர் கையில் வந்ததும் எனக்கு முன்னால் வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனபோது கர்சீப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். “ஏசி ஒத்துக்கல” என்றார்.

மறுநாள் லெட்டரைக் கொடுத்தேன். எந்த வேலையும் செய்யலாம் என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, போர்டுக்குப் போகச் சொன்னார்.

டீ நேரத்தில் லைனே கூடிவிட்டது. என் ஸ்கேன் படத்தை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடைக் கம்பியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அறுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். லைன் லீடர் படத்தைத் தன் கையில் வாங்கினாள்.

“அப்ப இது எத்தன பேரு மண்டையில இருந்தாலும் அவியளுக்கே தெரியாதாக்கா?”

“தெரியாதாம். எதுக்காச்சும் ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியுமாம்.”

அவள் கை மெதுவாகத் தன் தலைக்குப் போனது. பிஸ்கெட் தின்றவள் தின்பதை நிறுத்தினாள். ஒவ்வொருத்தியும் தலையைத் தடவிக்கொண்டு அடுத்தவளைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“நீங்க யாரும் பயப்படாதீங்கடி” என்றேன். “இந்த லைன்ல செக் பண்ணி பாஸ் ஆன மண்ட ஒண்ணே ஒண்ணுதான். ஏதாச்சும் டவுட்டுன்னா இங்க வந்து கேளுங்க.”

டீ நேரம் முடிந்து மணி அடித்தது. யாரும் வேலைக்குத் திரும்பாமல், தலையைத் தடவிக்கொண்டே என் முன்னால் வரிசையில் நின்றார்கள்.