நான் வெட்டிய சொல்

போன மாசியில் ஒரு காலை, மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். என் மனைவிக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முடிந்திருக்க வேண்டிய அட்டையில் பதினோரு மாத்திரை அப்படியே இருந்தது.

அவள் அடுப்படியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அதட்டினால் அதுவே நெஞ்சுக்கு ஆகாதோ என்று பயந்து, மெதுவாகக் கேட்டேன்.

“மாத்திரை சாப்பிடலையா?”

“வயிறு எரியுதுங்க. நீங்கதான எழுதிருந்தீங்க, செத்துப்போன இதய செல்லு திரும்ப வளருதுன்னு. இனி எதுக்கு அம்புட்டு மாத்திர?”

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற நான், ஒரு மாத இதழுக்கு அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். செல், இதயம், அணுக்கரு இணைவு, எதுவானாலும் அரைப் பக்கம்தான். இடம் போதாவிட்டால் நான் முதலில் கை வைப்பது ‘இன்னும் உறுதியாகவில்லை’, ‘சோதனை அளவில்’ போன்ற சொற்களில். இணைவு உலைக்குள் சூரியனையே எரித்துவிட்டார்கள் என்று எழுதினேன். எரிந்தது கண் சிமிட்டும் நேரம் என்பதை வெட்டினேன். அதனால் யார் குடியும் கெடவில்லை.

இதழை எடுத்துப் பார்த்தேன். இதயச் செய்தியில் ‘எலிகளில்’ என்ற சொல் இல்லை. தூக்கியது சாட்சாத் நானேதான்.

“அது எலிக்குத்தாம்மா. மனுசங்களுக்கு இன்னும் வரல.”

கரண்டியோடு நின்றாள். “அப்ப எனக்கு வளராதா?”

அடுப்பை அணைத்து அவளைக் கிளப்பினேன். ஒத்தக்கடையில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோ தூக்கிப் போட, நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

ஈசிஜியில் மாற்றமில்லை என்றார் டாக்டர். மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். நடந்ததைக் கேட்டபின் என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் மரியாதை குறைந்திருந்தது. அப்பாடா என்று நான் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்காவும் ஹார்ட்டு மாத்திர சாப்புடுறவதான? அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டிட்டு வந்தேங்க.”

திருப்பரங்குன்றத்துக்குப் போன் போட்டேன். எத்தனை மணி அடித்ததோ, கடைசியில் அவள் அக்கா எடுத்தார்.

“எனக்கென்ன தம்பி, நல்லா இருக்கேன். மாத்திரைய நிப்பாட்டி ஒரு வாரமாச்சு. நீங்க எழுதுனத எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”