ரிக்கை நிறுத்தின சுப்பிரமணி அண்ணன்

சுப்பிரமணி அண்ணன் போயிட்டார். காலையில அவர் பையன் போன் பண்ணினான்... நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

இங்க நிறைய பேருக்கு அவரைத் தெரியாது. திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டியில டிரில்லர். எங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அடிக்கடி வருவார்.

அப்போ என் சிறுகதை ஒண்ணு ஒரு பத்திரிகையில வந்திருந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவேன்.

கதையில மாரப்பன்னு ஒரு டிரில்லர். குழியில தண்ணி இல்லாம வெறும் புழுதிப் புகையா வந்தா, "இதுக்கு மேல ஓட்டுனா உங்க காசுதான் வீணுங்க"ன்னு ரிக்கை நிறுத்திருவான். தோட்டக்காரர் அவன் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவார். அதோட கதை முடிஞ்சிரும்.

டீ வர்றதுக்குள்ள அண்ணன் படிச்சிட்டார். "ஏனுங் தம்பி, இப்படி ஒரு ஆளு நெசமாவே இருக்கறாருங்களா?"

"இருக்கறாருங்கண்ணா"ன்னு சொல்லிட்டேன். சும்மா... வாய்க்கு வந்தது.

மனுசன் அப்படியே நம்பிட்டார்!

அடிக்கு இவ்வளவுன்னு காசு வாங்குற தொழில் இது. ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்துல வெறும் புகையா வரவும், அண்ணன் மாரப்பன் மாதிரியே பாதியில வண்டியை நிறுத்தியிருக்கார். தோட்டக்காரர் ஒண்ணும் கையைப் புடிக்கலை. மறுநாளே வேற ரிக்கைக் கூப்பிட்டு அதே குழியில இன்னும் கொஞ்சம் இறக்கினார்... தண்ணி பீய்ச்சி அடிச்சிருச்சு.

ரிக் ஓனர் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திட்டார். வேற எந்த வண்டியிலயும் அவரை ஏத்தலை. "என்ன மாரப்பா, தண்ணி வருமா?"ன்னு எங்க கடை வாசல்லயே கிண்டல் பண்ணுவாங்க.

நானும் கூடச் சிரிச்சேன். த்தூ... என்ன ஜென்மமோ நான்.

கடைசியா மில் வாட்ச்மேன் யூனிபார்ம்ல கடைக்கு வந்தார். கோபமா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. "ஒண்ணு கேக்கோணுமுங்க தம்பி. மறுநாள் தண்ணி வந்திருந்தா அந்த மாரப்பன் என்ன பண்ணியிருப்பானுங்க?"

"எழுதிட்டுச் சொல்றேனுங்கண்ணா"ன்னேன்.

"செரிங்க சாமி, பொறுமையா எழுதுங்க. வாரேனுங்"னு கெளம்பிட்டார்.

எழுதவே இல்லை. ஒரு வரிகூட.

இன்னிக்கு அவங்க ஊட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்ததும், "கதை எழுதற தம்பிங்களா? மீதிக்கதை எழுதிட்டிருக்கறீங்க, வந்துரும்னு சொல்லிட்டே இருப்பாருங்க"ன்னாங்க. தலையை நிமித்த முடியலை.

மாரப்பன் என்ன பண்ணுவான்னு எனக்கு இன்னும் தெரியலைங்கண்ணா...

போயிட்டு வாங்க.