நான் செத்துப்போயிருந்த நான்கு நாட்கள்

போன வாரம் என் மகள் டியூஷனிலிருந்து வர இருபது நிமிடம் பிந்திவிட்டது. ஏழு மிஸ்ட் கால் கொடுத்தேன். வந்தவள், லொகேஷன் போட்டுத்தானே வைத்திருக்கிறேன், பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

நியாயம்தான். அவள் எந்தச் சந்தியில் நிற்கிறாள் என்று நான் அடுப்படியிலிருந்தே பார்க்கலாம். என் காலத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பது... நான் சொன்னால்தான் உண்டு. போன் இல்லாத காலம் எவ்வளவு இனிமை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இனிமைதான். இஷ்டத்துக்குப் பொய் சொல்லலாமே!

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு வாவிக்கு மேற்கே, கடல் எட்டாத கொக்கட்டிச்சோலைப் பக்கம். நான் கல்லடியில் மாமி வீட்டில் தங்கி டைப்பிங் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டமாவடியில் என் சிநேகிதி பரீனாவின் அக்காவுக்குக் கல்யாணம். கேட்டால் அவ்வளவு தூரம் விடமாட்டார்கள். கடற்கரையோரம் டீச்சர் வீட்டில் நோட்ஸ் எழுதப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டு விடியவே பஸ் ஏறிவிட்டேன்.

அது சுனாமி வந்த ஞாயிறு.

டீச்சர் வீடு இருந்த தெருவே இல்லாமல் போனது. மாமி கூரையில் ஏறித் தப்பினார். நான்? அலை எட்டாத ஓட்டமாவடியில் கல்யாணச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொய்தான் என்னைக் காப்பாற்றியது. அதே பொய்தான் என்னைக் கொன்றும்விட்டது.

ரோடு உடைந்திருந்தது. எங்கள் ஊரில் போனே கிடையாது. நான் உயிரோடிருக்கிறேன் என்று ஒரு லொறிக்காரரிடம் துண்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் போய்ச் சேரவில்லை.

ஐந்தாம் நாள் பரீனாவின் வாப்பா மோட்டார் சைக்கிளில் என்னைக் கூட்டி வந்தார். முற்றம் நிறைய, வந்தவர்கள் உட்காரக் கதிரைகள். உள்ளே, பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் வெட்டி ஒட்டி மாலை போட்டிருந்தார்கள். வீட்டில் வேறு படம் இல்லை.

அம்மா கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நாம தாட்டது ஆர?"

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களில் ஒரு பெண். முகம் தெரியவில்லை. என் உயரம், என்னுடையதைப் போலவே நீலச் சட்டை. அம்மா அவளைத்தான் கொண்டுவந்து, தலையிலடித்து அழுது புதைத்திருக்கிறாள். அவளுடைய தாய் எங்கே தேடிக்கொண்டிருந்தாளோ...

நான் சொன்ன பொய்க்கு அம்மா என்னை ஏசவேயில்லை. ஏசியிருக்கலாம்.

போர் முடிந்து எங்கள் பக்கமும் டவர் வந்தபின் அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். இதில் அந்தப் பிள்ளையின் தாயைத் தேட முடியாதா என்பதுதான் அவள் முதலில் கேட்டது. ஃபேஸ்புக்கில் எழுதினேன். லைக்குகள் குவிந்தன. 'அருமையான எழுத்து அக்கா' என்றார் ஒருவர். தாய் மட்டும் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அம்மா வருடம் தவறாமல் திவசம் கொடுக்கிறாள். முதல் வருடம் பெயர் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உன்ட பேரிலதானே தாட்டம். அதையே சொல்லுவம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் என் பெயருக்குப் படைத்த சோற்றை நானே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் — போன முறை கத்தரிக்காய்க் கறியில் உப்புக் கொஞ்சம் குறைவு.