தோட்டுத் தண்டுக்கு அடித்த பாலிஷ்

கவின், யாழினி, அப்பா வேலையில் செய்த பெரிய தப்பு எது என்று போன வாரம் சாப்பிடும்போது கேட்டீர்கள். ஜன்னலைத் தலைகீழாக மாட்டிய கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். அது பெரிய தப்பு இல்லை. பெரிய தப்பை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

1. கதவிலிருந்து தோட்டுக்கு

கம்பைநல்லூரில் இருபத்தைந்து வருஷம் கதவும் நிலைச்சட்டமும் செய்தேன். ரெடிமேட் கதவு வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. அப்போதுதான் தர்மபுரியில் நிவேதா மேடம் மர நகை ஸ்டூடியோ ஆரம்பித்து, கை வேலை தெரிந்த ஆள் தேடினார். வயதில் என்னைவிடப் பாதி. முதல் நாள் ஒரு புளியமரத் துண்டைக் கையில் கொடுத்தார்.

"அண்ணா, மயில் வேண்டாம், பூ வேண்டாம். மரம் எப்படி இருக்கோ அப்படியே தெரியணும்."

விறகுக்குப் போகிற மரத்தில் என்ன தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே அறுத்தேன். வெளியே வெள்ளை, உள்ளே வைரம் பாய்ந்த இடம் காப்பிக் கொட்டை நிறம். இரண்டும் சேருகிற கோடு ஆறு வளைந்து போவது போல இருந்தது. அந்தக் கோடு நடுவில் வருகிற மாதிரி ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் தோடு செய்தோம். இத்தனை வருஷம் நான் மரத்தைப் பார்க்கவே இல்லையோ என்று அன்றைக்குத் தோன்றியது.

2. மொரப்பூர்ப் பெண்

ஒரு நாள் மொரப்பூரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் கலைவாணி, மருந்துக் கடையில் வேலை. பத்து நாளில் நிச்சயதார்த்தம். எந்த உலோகம் போட்டாலும் அவள் காதில் சீழ் வைத்துவிடும். சின்ன வயதிலிருந்தே வெறும் காது. முடியை இழுத்து இழுத்துக் காதை மூடிக்கொண்டே பேசினாள்.

"தங்கம் போட்டாலும் ஆகல, கவரிங் போட்டாலும் ஆகல. இவ காதுக்கு எம் மாமியார் கொணம், எதக் குடுத்தாலும் ஏத்துக்காது" என்றார் அந்த அம்மா. "மாப்ள வூட்டுல பொம்பளைங்க முன்னாடி மூளிக் காதோட எப்படிங்க உக்கார வெப்பேன்?"

மேடம் யோசித்து, காதுக்குள் போகிற தண்டையும் மரத்திலேயே செய்யலாம் என்றார். தண்டுக்கு வேம்பு. ரம்பத்தால் அறுத்தால் நார் வெட்டுப்பட்டு ஒடிந்துவிடும் என்பதால் உளியால் பிளந்து, நார் முழுசாக ஓடுகிற மாதிரி ஈர்க்குப் பருமனுக்குச் சீவினேன். பின்பக்கம் திருகாணிக்குப் பதில் துளை போட்ட ஒரு சின்ன மரப் பொத்தான்.

"தண்டுக்கு மட்டும் பாலிஷ் வேண்டாம்ணா. தேங்காய் எண்ணெய் தடவி விட்டுடுங்க" என்று மேடம் தெளிவாகச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. பாலிஷ் இல்லாமல் என் கையிலிருந்து ஒரு சாமான் வெளியே போனதில்லை. கதவின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடம், அதற்கும் அடிப்பவன் நான். வழவழப்பு வந்தால்தான் காதுக்கும் நல்லது என்று நானாக முடிவு செய்து, தண்டுக்கும் கதவுக்கு அடிக்கிற மெலமைன் பாலிஷை ஒரு கை ஓட்டினேன். சரியாகக் காய்வதற்குள் கொடுத்தும் விட்டேன்.

3. "ஒடம்புக்கு ஒத்துக்கல"

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு காது மடல் சிவந்து வீங்கி, ஓரத்தில் கொப்புளம். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணா, தண்டுக்குப் பாலிஷ் பட்டுச்சா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லைங்க மேடம். சில பேரு ஒடம்புக்கு மரமும் ஒத்துக்கறதில்ல" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! மேடம் நம்பிவிட்டார். கலைவாணி தலையை ஆட்டிக்கொண்டு, "பரவால்லைங்க. எனக்குத்தான் எதுவுமே ஒத்துக்காதுன்னு தெரியுமே" என்றாள்.

கிளம்பும்போது முடியை ஒதுக்கினாள். வீங்காத காதில் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது.

"அது என்னாம்மா?" என்றேன்.

"வேப்பங்குச்சிங்க. ஓட்டை அடச்சுக்கக் கூடாதுன்னு போட்டு வெப்பேன். தோட்ட மொதல்ல அந்த ஒரு காதுலதான் போட்டுப் பாத்தேன், இந்தக் காதுல குச்சிய எடுக்கவே இல்ல. இது ஒண்ணும் பண்றதில்ல."

மரம் ஒத்துக்கொள்ளாத காதிலே மரம் இருந்தது. அதே வேம்பு. நான் சும்மா இருந்திருந்தால் அவள் பஸ் ஏறிப் போயிருப்பாள். ஆயுசுக்கும் தன் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பாள்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். பாலிஷ் அடிச்சேன். மரத்து மேல தப்பில்ல" என்றேன்.

கலைவாணிதான் கேட்டாள்.

"அப்ப என் காதுல தப்பில்லையா?"

"இல்லம்மா. எங் கையிலதான்."

"அட மேஸ்திரி! நான் பாட்டுக்கு மாமியார் மேல பழியப் போட்டுட்டு இருந்தேன். கோளாறு உங்க பாலிஷ் டப்பாவுலதான் இருந்திருக்கு!" என்றார் அந்த அம்மா. மகள் சிரித்துவிட்டாள். மேடம் சிரிக்கவில்லை.

"பாலிஷ் அடிச்சதக்கூட விடுங்கண்ணா. ஒடம்புக்கு ஒத்துக்கலைன்னு அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொன்னீங்க?"

உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்கே புதுத் தண்டு சீவினேன். எமரி ஷீட்டால் தேய்த்து, துணியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினேன். வீக்கம் வற்றும்வரை போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அந்த அம்மா போன் செய்தார்.

"காதப் பத்தி ஒருத்தரும் கேக்கல மேஸ்திரி. தோடு எங்க செஞ்சீங்கன்னுதான் கேக்கறாங்க. இவ என்னடான்னா முடியத் தூக்கிக் கொண்ட போட்டுட்டு உக்காந்திருக்கா!"

கண்ணுங்களா, தப்பு செய்யாமல் வேலை பழக முடியாது. செய்த உடனே சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாமல் விட்ட தப்பை வேறு யாரோ தன்னுடையது என்று நினைத்துச் சுமக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு இது ஐம்பது வயதில்தான் புரிந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு லீவு. மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி, சாவி வாங்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். கலைவாணியின் தோட்டைப் போலவே மரத் தண்டு வைத்து விற்பனைக்குச் செய்திருந்த டப்பாவில் நான் தண்டுக்குப் பாலிஷ் அடித்த தோடுகள் இன்னும் பதினாலு ஜோடி இருந்தன. கண்ணாடிச் சில்லை எடுத்து ஒவ்வொரு தண்டாகச் சுரண்டினேன். மரம் வெளியே தெரிந்ததும் பிசிறு இருக்கிறதா என்று உதட்டில் ஒற்றிப் பார்த்து, அடுத்ததை எடுத்தேன்.